ரெண்டாம் தடவை ஆறு படகு

“அழிக்கல பாய், சத்தியமா நான் அழிக்கல. காலையில ஆறு மணிக்கு ஏழு படகு. பதினோரு மணிக்கு அதே பட்டனைத் தட்டுறேன், ஆறுதான் வருது. சூசைமுத்து அண்ணன் பேரு மட்டும் காணோம்.”

அமலராணி அக்கா ரெண்டு பேப்பரையும் மேசையில வச்சாங்க. கோட்டுச்சேரிமேட்டுல எந்தப் படகு கடலுக்குப் போச்சு, எது திரும்புச்சுன்னு கம்ப்யூட்டர்ல பதியிறது அவங்க வேலை. திங்கக்கிழமை கடல் பொங்கப்போகுதுன்னு எச்சரிக்கை வந்துச்சு. ‘இன்னும் திரும்பாத படகு’ன்னு பதினோரு மணிக்கு எடுத்த லிஸ்டை வச்சுத் தேடப் போனவங்க ஆறு படகையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. லிஸ்டுல பேரு இல்லாததால, இன்ஜின் நின்னுபோன சூசைமுத்து கரைக்கு வந்துட்டாருன்னே நெனச்சுட்டாங்க. மனுஷன் மறுநாள் மத்தியானம் வரைக்கும் மிதந்துகிட்டே கெடந்துருக்காரு. நாகூர்ப் பக்கத்துப் படகு ஒண்ணு பாத்து இழுத்துட்டு வந்துச்சு.

“நான் பேரை அழிச்சுட்டு, ஏழு பேரு இருக்குற பேப்பரைப் பின்னாடி அடிச்சு வச்சுக்கிட்டேன்னு ஊர்ல சொல்றாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். வேலை போனா போவுது பாய். ஒரு ஆளைக் கடல்ல விட்டவன்னு பேரு வாங்கிட்டு அந்த ஊர்ல நான் எப்படி நடமாடுறது?”

நூருல் அமீன் பாய் ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. பழுதான டேட்டாபேஸைப் பாத்துக்குடுக்குற ஆளு அவரு. தருமபுரத்துல ஒரு மாடி ரூமு, ரெண்டு லேப்டாப்பு, கூட வேலைக்கு நீலாயதாட்சி. அவ்ளோதான் கம்பெனி. வெளிய மழை அப்பத்தான் விட்டிருந்துச்சு. ஈரத்து மேல வெயில் பாலாடை மாதிரி படிஞ்சு கெடந்துச்சு. ஃபேன் சுத்துதா, ரூமே சுத்துதான்னு நீலாவுக்குப் புரியல.

“பாஸ்வேர்டு வேற யாருக்கு தெரியும்க்கா?”ன்னா நீலா.

“ஜெனிஷுக்கு. நான் இல்லாதப்ப அவன்தான் பாத்துக்குவான்.”

“அவனுக்கும் சூசைமுத்துவுக்கும் சண்டை கிண்டை?”

“போன வாரம் வலை விஷயமா கொஞ்சம்...”

“முடிஞ்சுது பாய்! அவன்தான்!”

“டீயக் குடி நீலா, ஆறிடும்”னாரு பாய். அப்புறம் அக்காவைப் பாத்து, “மத்த ஆறு படகுக்கும் திரும்புன நேரம்ங்கிற கட்டத்துல என்ன போட்டீங்க?”

“‘வரல’ன்னு போட்டேன். அவங்கவங்க வீட்டுல வந்து சொன்னாங்க.”

“சூசைமுத்துவுக்கு?”

“வெறுமையா விட்டேன். அவங்க வீட்டுலேருந்து யாரும் வரல. வீட்டு ஆளு வாயால சொல்லாம நாமளா ‘வரல’ன்னு எழுதப்படாது பாய். எழுதுனா அப்படியே பலிச்சிடும்பாங்க எங்க பக்கம்.”

“கம்ப்யூட்டரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?”

“ஆறுக்கு. போட்டதும் மொத வேலையே அந்த லிஸ்டுதான்.”

பாய் தலையாட்டிக்கிட்டே, அன்னைக்கு பதினோரு மணிக்கு எடுத்த பேக்கப்பை லேப்டாப்புல ஏத்துனாரு. புரோகிராமைப் புதுசா ஓட விட்டு பட்டனைத் தட்டுனாரு. ஏழு படகு. சூசைமுத்து பேரு கல்லு மாதிரி நிக்குது. வேற எதையும் தொடாம மறுபடியும் தட்டுனாரு.

ஆறு.

நீலா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு தடவை தட்டுனா. ஆறேதான்.

“ஜெனிஷ் இப்ப இந்த ரூமுக்குள்ள இருக்கானா?”ன்னு கேட்டாரு பாய்.

“நக்கல் வேணாம் பாய். பேரு அழியல, சரி. அப்ப மரத்துலதான் கோளாறு.”

“மரமா?” அக்கா முழிச்சாங்க.

நீலாவுக்கு இதைச் சொல்றதுன்னா கொள்ளைப் பிரியம். “நீங்க கேள்வி கேட்டதும் டேட்டாபேஸ் அதை ஒரு மரமா கட்டிக்கும்க்கா. மரத்துல ஒவ்வொரு கணுவும் ஒரு பெட்டி. பெட்டியோட மொத அறையில ‘நான் யாரு’ன்னு ஒரு முத்திரை இருக்கும். ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்குற கணு, ஒண்ணு வரிசைப்படுத்துற கணு. அதுக்குப் பின்னாடிதான் அதுக்கு வேண்டிய மத்த அறையெல்லாம். பாய், அந்த முத்திரை மாறிப்போச்சு!”

“மாறியிருந்தா புரோகிராமே பொத்துன்னு விழுந்துருக்கும். இது விழல. சத்தமில்லாம ஒண்ணே ஒண்ண மறந்துருக்கு. விழுறது வேற வியாதி, மறக்குறது வேற வியாதி. சரி, ரெண்டாம் தடவைக்கு மட்டும் என்ன வித்தியாசம்?”

நீலா கண்ண மூடுனா. வெயில் வெளிச்சத்துல கடலுக்கு நடுவுல ஒரு மரம் நிக்கிற மாதிரி இருந்துச்சு, கிளைக்கு ஒரு படகு. தண்ணிக்குள்ள அதோட நிழல்ல மட்டும் ஒரு கிளை காலி.

“மொத தடவை மரத்தைக் கட்டும். கட்டுன கையோட ஒரு நகல் எடுத்து வச்சுக்கும். அடுத்த தடவையிலேருந்து அந்த நகலைத்தான்... ஐயோ பாய்!”

“இந்தப் புரோகிராமை எழுதுன ரஞ்சித்குமாரைக் கூட்டத்துக்கு வரச் சொல்லு”ன்னாரு பாய்.

நாலு மணிக்கு வலைக்கூடத்துல ஊரே கூடியிருந்துச்சு. கடல் அசைவே இல்லாம பால் மாதிரி கெடந்துச்சு. எல்லாரும் பாக்க பாய் பட்டனைத் தட்டுனாரு. ஏழு. மறுபடி தட்டுனாரு. ஆறு. பின்னாடி நின்னவங்க எட்டி எட்டிப் பாத்தாங்க.

“அமலராணி கட்டத்தை வெறுமையா விடுவாங்கன்னு இந்தப் புரோகிராமை எழுதுன ரஞ்சித் தம்பிக்கு தெரியும். அதுக்காகவே போன மாசம் ஒப்பிடுற கணுவுல புதுசா ஒரு அறை சேத்துருக்காரு. ‘வெறுமையா இருந்தாலும் திரும்பலன்னே எடுத்துக்கோ’ன்னு. நல்ல மனசு. ஆனா நகல் எடுக்குற வேலை வேற ஃபைல்ல இருக்கு. அங்க அறைக்கு ஒரு வரின்னு கையால எழுதணும். இந்தப் புது அறைக்கு மட்டும் வரி இல்ல. மூல மரத்துல அறை இருக்கு, நகல்ல காலி. அதனால மொத லிஸ்டுல வெறுங்கட்டம் வந்துச்சு, ரெண்டாவதுல உதுந்துடுச்சு. சோதிச்சுப் பாத்தப்ப ஒவ்வொரு கேள்வியையும் தம்பி ஒரு தடவைதான் கேட்டுருக்காரு. அதான் தெரியல.”

“அப்ப இந்தக்கா எதுக்கு வந்ததுலேருந்து என்னைய களவாணி மாதிரி பாத்துச்சு?”ன்னான் ஜெனிஷ். நீலா குனிஞ்சு மணலைப் பாத்தா.

ஊர்த் தலைவரு எந்திரிச்சு, வாங்கி வச்சிருந்த கம்ப்யூட்டர் ரூம் சாவியைத் திருப்பி அமலராணி அக்கா கையில குடுத்தாரு. அக்கா அதை முந்தானையில முடிஞ்சாங்க. அப்புறந்தான் அழுதாங்க.

ரஞ்சித் எந்திரிச்சு நின்னான். “நான்தான் விட்டுட்டேன். ஒரு வரி.”

சூசைமுத்து அவனை மேலயும் கீழயும் பாத்தாரு. கண்ணு இன்னும் உப்புல செவந்து கெடந்துச்சு. “எந்த ஊருடா?”

“விழிதியூருங்க. வயக்காட்டு ஆளுங்க நாங்க.”

“கடலுக்குள்ள போயிருக்கியா?”

“கரையில நின்னு கால் நனைச்சிருக்கேன்.”

கூட்டமே சிரிச்சுது. சூசைமுத்து சிரிக்கல. “வரியை இப்பவே இங்க உக்காந்து எழுது. சனிக்கிழமை விடியக்காலம் என் படகுல ஏறு. கரை மறையிற எடத்துல ஒரு மணி நேரம் இன்ஜினை நிறுத்திக் காட்டுறேன். திட்டமாட்டேன், அடிக்கமாட்டேன். சும்மா உக்காந்திரு, போதும்.”

ரஞ்சித் அங்கேயே மணல்ல உக்காந்து வரியை எழுதுனான். பத்து தடவை தட்டிப் பாத்தான், பத்து தடவையும் ஏழு. ஆனா படகுல ஏறுறதுக்கு மட்டும் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. இன்னைக்கு வியாழன். அவன் வருவான்னு நீலா சொல்றா, வரமாட்டான்னு ஜெனிஷ் சொல்றான். நீங்க சொல்லுங்க, ஏறுவானா? நீங்களா இருந்தா ஏறுவீங்களா?