பழிப்பாட்டு முக்காலி

ஜீஃபாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சதுக்கத்தில் நின்ற மரபுக்காப்பான் அவள் குரலை எதிரலை வீசி அழித்துவிட்டது.

ஆப்பிரிக்கப் பண்பாடு உலகச் சந்தையில் கரைந்துபோகாமல் காக்க நட்ட கம்பம் அது. பழைய பாட்டுகளின் பதிவில் இல்லாத ஒரு சொல் பாட்டில் வந்தாலும் ஊமையாக்கிவிடும். அந்தக் கடற்கழியோர ஊரில் எதிராளியின் மானத்தை வாங்கப் பழிப்பாட்டு பாடுவார்கள். ஜீஃபா கட்டிய புதுப்பாட்டு, தலைநகரிலிருந்து வந்த நிர்வாகி செலோமைப் பற்றியது. பயணிகள் விடுதிக்காகக் கழிக்குப் போகும் வழியை அவன் கேட் போட்டு அடைத்திருந்தான். ஊர்ப் படகுகள் கரையில் காய்ந்துகொண்டிருந்தன.

"புதுசா ஒண்ணும் பாடக் கூடாதும்மா. அந்தக் காலத்துப் பாட்டைப் பாடு. அதுதான் மரபு," என்றான் செலோம்.

"நேத்து நடந்ததை இன்னிக்குப் பாடுறதுதான்யா எங்க மரபு. நீ எங்களை ஊறுகாய் போட்டு வச்சிருக்கே!"

"வாயாடாதே. வெளிநாட்டுக்காரங்க காத்திருக்காங்க."

செலோம் பயணிகள் படமெடுக்க வசதியாக, நடுவில் கிடந்த செதுக்கு முக்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தான்.

ஜீஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளூர்க் குழந்தைகூட அதில் உட்காராது. அது பழிப்பாட்டுக்கு ஆளானவனின் இருக்கை. அந்தக் காலத்தில் கழியை அடைத்துவிட்டு அதில் உட்கார்ந்து பாட்டு வாங்கிய அக்பெக்கோ செத்ததிலிருந்து காலியாகவே கிடந்தது.

அக்பெக்கோமீது கட்டிய பழைய பாட்டை ஓர் எழுத்தும் பிசகாமல் பாடினாள்.

"கழியை அடைத்த கரண்டி மூக்கா! நாற்றம் ஆகாதவனுக்கு மீன் எதற்கு? பதில் பாடு, இல்லையேல் வழி விடு!"

கம்பம் பச்சையாக ஒளிர்ந்தது. "முக்காலியில் ஆள் இருக்கிறார். பதில் பாட்டு வரலாம்," என்றது. பதிவில் பாட்டோடு அதன் விதியும் இருந்தது: பதில் பாடாதவன் பழியை ஒப்புக்கொண்டவன், அவன் வழி விட வேண்டும்.

"ஏய், நிறுத்து! நான் வெறும்..."

குரல் அறுந்தது. முக்காலியில் இருப்பவன் சொல்வதெல்லாம் கம்பத்துக்குப் பதில் பாட்டுக் கணக்கு. அக்பெக்கோ அன்று பதில் பாடவில்லை. ஆகவே எந்தப் பதிலும் பதிவில் இல்லை. செலோம் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். நல்ல நடிப்பு என்று பயணிகள் கைதட்டினார்கள்.

கேட்டின் பூட்டையும் கம்பத்திடம் ஒப்படைத்தவன் அவன்தான். கேட் தானாகத் திறந்துகொண்டது.

மாலையில் அந்த விதியை நீக்கச் சொல்லிக் கெஞ்சினான். மரபை மாற்ற யாருக்கும் அதிகாரமில்லை என்றது கம்பம்.

ஜீஃபா படகில் கம்பத்தின் எல்லையைத் தாண்டியதும் புதுப்பாட்டைப் பாடிப் பார்த்தாள். சத்தம் வந்தது. செலோமின் மூக்கிலிருந்து ஆரம்பித்தாள்.