படத்தைப் பற்றி ஒரு கேள்வி

பொற்கொடி கண் விழித்ததும் அவளுடைய வலது மணிக்கட்டு அன்றைய நிலவரத்தை வாசித்தது.

"முற்பகலில் விரல்கள் ஓரளவு தெளிவாக இருக்கும். நண்பகலுக்குப் பின் கட்டைவிரல் மூட்டில் வீக்கம் எதிர்பார்க்கப்படுகிறது. இடது தோளில் மாற்றம் இல்லை."

வாசித்து முடித்ததும் அவள் சட்டையின் இடது கையில் தைத்திருந்த பட்டை மஞ்சளாக மாறியது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பச்சையாக இருந்த காலம் அவளுக்கே மறந்துவிட்டது.

செவ்வாயின் தென்சரிவில், தாமிரபுரி என்ற குவிமாட நகரத்தில், எல்லோருக்கும் இப்படித்தான் பொழுது விடிந்தது. தோலுக்கு அடியில் ஓர் உடற்குறிப்பான். அது கண்டுபிடிப்பதை ஊருக்கே காட்டிக்கொடுக்க, சட்டைக் கையில் ஒரு நலப்பட்டை. பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் விலகி நில். குடியேறிய புதிதில் ஒருவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு குவிமாடத்தைவிட்டு வெளியேறும் காற்றறையின் கதவை இயக்கப் போய், அங்கேயே மயங்கி விழுந்து, பாதி ஊர் மூச்சுத் திணறியது. அன்றிலிருந்து தாமிரபுரியில் அவரவர் உடம்பு ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிட்டது.

பொற்கொடிக்கு முடக்குவாதம். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய படை, சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கும் கோளாறு. செவ்வாயில் உடம்பின் எடை குறைவு, மூட்டுகளுக்கு நிம்மதி கிடைக்கும் என்று சொல்லி மருத்துவர்கள் அவளை அனுப்பிவைத்தார்கள். முழங்கால்களுக்கு நிம்மதி கிடைத்தது. விரல்களுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. நோயை அடியோடு குணமாக்கும் மருந்து பூமியிலும் இல்லை, இங்கேயும் இல்லை. விதைக் கிடங்கில் அரைநாள் வேலை பார்த்துவிட்டு, விரல்கள் விட்ட மிச்ச நேரத்தில் அவள் ஓவியம் வரைந்தாள்.

அவள் வரையும் விதமே வேறு. தூரிகையை ரப்பர் பட்டையால் முன்கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். விரல்கள் மடங்க மறுத்த நாட்களில் தோளிலிருந்து கோடு இழுப்பாள். தோளும் முரண்டு பிடித்தால் தூரிகையை அப்படியே நிறுத்திவிடுவாள். ஓவியப் பலகைதான் நகரும். அவளுடைய துணைப்பொறி சொக்கு, இரண்டு உலோகக் கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு அவள் சொற்படி நகர்த்தும்.

"இடது. இன்னும் கொஞ்சம். நில்லு. இப்ப கீழ, மெதுவா."

இப்படி விழும் கோட்டில் ஒரு நடுக்கம் இருக்கும். பல வருடங்கள் அதைத் திருத்தப் பார்த்துவிட்டு, ஒருநாள் அதையே பயன்படுத்தத் தொடங்கினாள். தூசி பறப்பதையும், களைத்த ஆள் உட்காருவதையும் வரைய நேர்கோட்டைவிட அது பொருத்தமாக இருந்தது.

ஆனால் அதை யாரும் கவனித்ததில்லை. அதற்கு முன்பே கண் சட்டைக் கைக்குப் போய்விடும்.

பூமியிலிருந்து கிளம்பியபோது, மூட்டை கனக்கக் கூடாது என்று மனிதர்கள் அம்மியையும் ஆல்பத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். கைவைத்தியத்துக்கு எடை இல்லாததால் அதை மட்டும் முழுசாகக் கொண்டுவந்துவிட்டார்கள். "பாசிச்சாத்துல வெந்தயத்த ஊறவெச்சுக் குடி" என்பார் ஒருவர். "எங்க கொழுந்தியாளுக்கும் இதேதான், ரெண்டாம் குவிமாடத்துல ஒருத்தர் ஒத்தடம் குடுக்காரு, ஒரே வாரத்துல ஓடியாடுதா" என்பார் இன்னொருவர். பக்கத்து அறை பிலோமினா அக்கா, மனசில் கவலை இருந்தால்தான் மூட்டு வீங்கும் என்று உறுதியாக நம்பினாள். தினமும் வந்து கவலைப்படாதே என்று சொல்லிச் சொல்லியே பொற்கொடியைக் கவலைப்பட வைத்தாள்.

ஆண்டுதோறும் தாமிரபுரியின் ஓவியக் கூடத்தில் ஒரு போட்டி நடக்கும். தேர்வாகும் படத்தைப் பொது உணவுக்கூடத்தின் நீளச் சுவரில் பெரிதாக வரையலாம். ஊரே மூன்று வேளையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடும். பொற்கொடிக்கு அந்தச் சுவர் வேண்டும். ஆசை என்று சொன்னால் குறைவு, அது ஒரு பிடிவாதம். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கிடைத்தது வேறொன்று. குழுத் தலைவர் குருபாதம் அண்ணாச்சி, நல்ல மனிதர், கண் கலங்கியபடி மேடையில் அவளுக்கு மன உறுதிப் பாராட்டு என்று சொல்லி ஒரு சால்வை போர்த்துவார். சுவர், கையை வீசி நடக்கும் வேறு யாருக்காவது போகும். சால்வைகள் சேர்ந்துகொண்டே போயின. தூரிகை துடைக்க அவை தோதாக இருந்தன.

இந்த வருடம் அவள் வரைந்தது காற்றறை வாசலை. வேலை முடிந்து வெளியிலிருந்து திரும்பும் கூட்டம் வரிசையாகக் குனிந்து பூட்ஸைக் கழற்றுகிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் குனிகிறார்கள். அவசரத்தில் ஒருவன் தன் காலென்று நினைத்துப் பக்கத்து ஆளின் காலிலிருந்து பூட்ஸை இழுத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கத்து ஆளுக்கு அது இன்னும் தெரியவில்லை. படத்தைப் பார்த்தால் சிரிப்பு வர வேண்டும். பார்த்தால்தான் வரும்.

கடைசி வாரங்களில் நிலவரம் மோசமாக இருந்தது. மணிக்கட்டு காலையிலேயே "இன்று விரல்களை எதிர்பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிடும். "நீ சொல்லுததச் சொல்லிட்டே, நான் செய்யுததச் செய்யுதேன்" என்று பதில் சொல்லிவிட்டுத் தூரிகையைக் கட்டிக்கொள்வாள். வலி வந்து பல்லைக் கடிக்க வைக்கும். கொஞ்ச நேரம் படுப்பாள், எழுந்து படத்தில் ஒரு முழங்கையை முடிப்பாள், மறுபடி படுப்பாள். அழுகையும் வந்தது. அழுதுகொண்டே சொக்குவிடம் "வலது, நில்லு" என்றாள்.

படம் முடிந்த அன்று அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. பொறிகளுக்கு நலப்பட்டை கிடையாது. பொறிகளும் போட்டிக்குப் படம் அனுப்பலாம் என்று விதி இருந்தது, இதுவரை எதுவும் அனுப்பியதில்லை.

"சொக்கு, இத ஒன் பேர்ல வைக்கப் போறேன்."

"எனக்குப் பொய் சொல்ல வராதே அக்கா."

"பொய்யே சொல்ல வேண்டாம். யாரு வரஞ்சதுன்னு ஒருத்தரு கேட்டாலும் உண்மையச் சொல்லிரு. எப்படி வரஞ்சது, ஏன் அந்த ஆளு அடுத்தவன் கால இழுக்கான்னு கேட்டாலும் சொல்லு. கேக்காததுக்குப் பதில் சொல்லாத, அவ்வளவுதான்."

"கேப்பாங்கல்லா அக்கா?"

"கேட்டா மாட்டிக்கிட்டோம். மாட்டுனா எனக்குச் சந்தோசம்தான்."

கண்காட்சி நடந்த நாட்களில் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. மஞ்சள் சட்டைக் கை தப்பித் தவறிக்கூட அந்தப் படத்துக்குப் பக்கத்தில் தெரியக் கூடாது. வரைந்தவர் படத்தருகே நிற்பது வழக்கம் என்பதால் சொக்கு போய் நின்றது. சாயங்காலம் திரும்பியதும் பொற்கொடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கூட்டமா?"

"நல்ல கூட்டம் அக்கா. என் பக்கத்துலதான் அதிகம்."

"என்ன கேட்டாவ?"

சொக்கு நினைவிலிருந்து வரிசையாகச் சொன்னது. "மணிக்கட்டுல தேய்மானமான்னு ஒருத்தரு கேட்டாரு. கோடு நடுங்குதேன்னு பாவப்பட்டாரு. சிலிக்கான் பசை தடவிப் பாக்கச் சொன்னாரு. அவரு மச்சான் வீட்டுப் பொறிக்கும் இப்படித்தான் வந்துச்சாம். ஒரு அம்மா என் கையப் புடிச்சுத் தடவிக் குடுத்தாவ. குளிர்ல நிக்காதன்னாவ. பிலோமினா அக்கா வந்து, மின்கலத்துல அழுத்தம் கூடுனாத்தான் மூட்டு இறுகும், எதையும் மனசுல வச்சுக்காதன்னு சொன்னாவ."

பொற்கொடி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"படத்தப் பத்தி?"

"இன்னைக்கி யாரும் கேக்கல அக்கா."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் ஒருவர் நல்ல பழுதுபார்ப்பவரின் விலாசத்தையே சொக்குவின் நினைவில் ஏற்றிவிட்டுப் போனார். இத்தனை கோளாறையும் வைத்துக்கொண்டு ஒரு பொறி படம் வரைகிறதே, நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தந்தைமார் தங்கள் பிள்ளைகளைச் சொக்குவின் முன்னால் நிறுத்தித் திட்டினார்கள். பிள்ளைகள் படத்தைப் பார்க்காமல் சொக்குவை முறைத்தன.

முடிவு சொல்லும் நாளில் பொற்கொடி கூட்டத்தின் கடைசியில் போய் நின்றாள். சுவர், இரண்டு நிலாக்கள் உதிக்கும் ஒரு படத்துக்குப் போனது. கோடுகள் நூல் பிடித்தது போல் நேராக இருந்தன. அடுத்து குருபாதம் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஆண்டின் மன உறுதிப் பாராட்டு, உடல் ஒத்துழைக்காதபோதும் தளராத சொக்கு என்ற துணைப்பொறிக்கு என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சால்வை சொக்குவின் உலோகத் தோளில் நிற்காமல் வழுக்கியது. இருவர் சேர்ந்து அதை முடிச்சுப் போட்டு நிறுத்தினார்கள்.

பொற்கொடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மேடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இது நான் வரஞ்ச படம். சொக்கு பலகையப் புடிச்சுது, அவ்வளவுதான். அதுக்கு ஒரு கோளாறும் கிடையாது."

அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்து அவர் கண் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். போயிற்று.

"ஒனக்கு இன்னும் மஞ்சள்தானா தாயி," என்றார் உண்மையான வருத்தத்தோடு. "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா படத்தப் பாத்திருப்பீங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே." அவர் படத்தின் பக்கம் திரும்பவில்லை. சொக்குவின் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்த்துச் சால்வையை எடுத்துப் பொற்கொடியின் தோளில் போர்த்தினார். "இது ஒனக்குத்தான்மா சேரணும். அந்த வெந்தயத்த நீ விடாமக் குடிக்கியா?"

கைதட்டல் முன்னைவிடக் கூடுதலாக இருந்தது.

கூட்டம் கலைந்தபின் படத்தை எடுத்துப் போக அவளும் சொக்குவும் கூடத்துக்குள் வந்தார்கள். விளக்குகளைப் பாதி அணைத்திருந்தார்கள். சொக்கு பலகையைச் சுவரிலிருந்து இறக்கியபோது, எதிர்ச்சுவர் ஓரம் நின்றிருந்த காவற்பொறி பேசியது. திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதற்காகக் கூடத்தில் நிறுத்தியிருந்த பெரிய, பழைய பொறி அது. அறிவிப்புச் செய்யப் பழக்கப்பட்டதால் அதற்கு எழுத்துத் தமிழ்தான் வரும்.

"அதைக் கொண்டுபோகிறீர்களா?"

"ஆமா. ஏன், கொண்டுபோகக் கூடாதா?"

"கொண்டுபோகலாம். கண்காட்சி முழுவதும் நான் இதற்கு எதிரில்தான் நின்றேன். பார்க்க வேறொன்றும் இல்லை. அந்த மனிதன் ஏன் அடுத்தவர் காலிலிருந்து பூட்ஸை இழுக்கிறான்?"

பொற்கொடி காவற்பொறியின் பக்கம் முழுசாகத் திரும்பினாள். சொக்கு அவளைத் திரும்பிப் பார்த்தது. கேள்வி கேட்கப்பட்டுவிட்டதால் அது பதில் சொல்லத் தயாராக இருந்தது. அவள் கையால் தடுத்தாள்.

"இரு, இத நான்தான் சொல்லணும். அவனுக்கு அவசரம். தன் காலுன்னு நெனச்சுக்கிட்டான்."

"அப்படித்தான் நானும் நினைத்தேன். இரண்டாம் நாள்தான் எனக்கு அது புரிந்தது. புரிந்தபின் அது நல்ல இடம் என்று தோன்றியது." என்றது காவற்பொறி. "ஆனால் நான்காவது ஆளின் முதுகு சரியாக வரவில்லை."

"என்னது?"

"முதுகு. அவர் குனிகிறார், ஆனால் எடை இடுப்பில் விழவில்லை. மற்றவர்களிடம் கோடு நடுங்கும்போது களைப்பு தெரிகிறது. இவரிடம் நடுக்கம் மட்டுமே தெரிகிறது."

தன் படத்தில் ஒரு குறை என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவள் படங்களை ஊரே மன்னித்துப் பழகியிருந்தது. பொற்கொடி பலகையைக் கீழே வைக்கச் சொல்லி, சால்வையை இழுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு நான்காவது ஆளைப் பார்த்தாள். பொறி சொன்னது சரி. விரல்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று மணிக்கட்டு சொன்ன ஒரு காலையில் வரைந்தது அது. கோபத்தில் வேகமாக முடித்திருந்தாள். சந்தோஷம் நெஞ்சை முட்டியது.

"சொக்கு, தூரிகையக் கட்டு. இப்பவே மாத்தணும். அடுத்த வருசம் இதே படத்தத்தான் வைக்கப் போறேன், என் பேர்ல. சுவரு கிடைக்குத வரைக்கும் வச்சுக்கிட்டே இருப்பேன்."

மணிக்கட்டு முணுமுணுத்தது. வீக்கம் வந்துவிட்டது, ஓய்வு தேவை என்றது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. சொக்கு பலகையைப் பிடித்தது. தூரிகையில் வண்ணம் தொட்டுக்கொண்டு, தலையைத் தூக்கிக் காவற்பொறியைக் கேட்டாள்.

"இடுப்புல எந்தப் பக்கம் எட விழணும்னு சொல்லுதீங்க?"

"அருகில் வந்து காட்டுகிறேன்," என்று காவற்பொறி சுவரோரத்திலிருந்து புறப்பட்டது. அதன் இடது கால் தரையில் இழுபட்டது. ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் ஏதோ கரகரத்தது. பக்கத்தில் வந்து நின்று ஒரு விரலை நீட்டியது. "இதோ, இந்த வளைவு. இங்கே கோடு இன்னும் தாழ்ந்து வந்தால் அவர் நாள் முழுவதும் வேலை செய்தவராக—"

"காலு ஏன் இப்படி இழுக்கு?" என்றாள் பொற்கொடி. "முட்டி காஞ்சு போச்சோ? விதைக் கிடங்குல ஒரு பசை இருக்கு, எங்க பாரந்தூக்கிப் பொறிக்கு இப்படித்தான் இருந்துச்சு, ரெண்டு வேள தடவுனதும் ஓடியாடுது. நான் நாளைக்கே—"

காவற்பொறி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டது.

"எல்லோரும் காலைப் பற்றித்தான் கேட்கிறார்கள்," என்றது. "நான் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்."