கண்ணாடியின் உள்பக்கம்

2023 மார்ச்சில் சிகாமட்டில் ஆறு கரை தாண்டியது. மற்ற கார்கள் கடந்துபோன தண்ணீரில் ஒரு பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் நின்றுவிட்டது. அதை ஓட்டிய தங்கராஜு உள்ளேயே இறந்தான்.

கார் அவனுடைய அக்காள் கணவன் ரூபேந்திரனுடையது. வெள்ளம் வருகிறது, காரை மேட்டுக்கு ஏற்று என்று போனில் விரட்டியவன் அவன்தான். தரையை உரசுமளவு காரைத் தாழ்த்தியதும், பந்தயக்காரர்களைப் போல இரு தோள்களையும் இறுக்கும் பெல்ட்டைப் பொருத்தியதும் அவன்தான்.

எஞ்சினை மாற்றி, சேற்றைக் கழுவி, பண்டார் தெங்காராவில் தன் வீட்டு வாசலில் அதை விற்பனைக்கு நிறுத்தியிருந்தான். வாங்குபவன் வரவிருந்த நாள் காலை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் உள்பக்கத்தில், வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் இருப்பதைப்போல, ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. உட்கார்ந்தால் தோள் உயரம். துடைத்தான். மதியம் அது கழுத்து உயரத்தில் இருந்தது.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி புஷ்பவள்ளி கேட்டாள்.

"வாங்க வர்றவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்லா."

வித்துடுங்க, ஆனா மறைச்சு விக்காதீங்க என்பதைத் தவிர அவள் எதுவும் கேட்டதில்லை. அவன் கழுவிய கையையே மறுபடி கழுவினான்.

சாயங்காலம் யோங் பெங்கிலிருந்து நவ்சாத் மோட்டார் சைக்கிளில் வந்தான். உணவகக்காரரின் மகன். கதவைத் திறந்தபடியே வைத்துக் காரில் உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டான்.

"அலமாக்! இந்தச் சத்தத்தக் கேட்டா எங்க வாப்பா ஆத்துற தே தாரிக் டீய கஸ்டமர் தலையில ஊத்திடுவாரு."

ஏசி ஓடியதும் ஆற்றுச் சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை வந்தது.

"என்னண்ணே வாடை? வெள்ளத்துல மாட்டுன காரா?"

"சேச்சே. ரொம்ப நாள் ஓட்டல தம்பி, அதான்."

"அப்ப சரி. உங்க பேச்ச நம்பித்தான் இவ்ளோ தூரம் வந்தேன்." நவ்சாத் கண்ணாடியைத் தொட்டான். கோடு இப்போது அவன் வாய்க்கு நேராக இருந்தது. "இது என்ன?"

"பாலிஷ் கறை." ரூபேந்திரன் குனிந்து சட்டை நுனியால் துடைத்தான். சட்டை நனைந்தது.

"ஏறுங்கண்ணே, ஒரு ரவுண்டு போலாம்."

"நீங்க போயிட்டு வாங்க."

"சொந்தக் காருல ஏற பயமா?" நவ்சாத் சிரித்துக்கொண்டே பெல்ட்டை மாட்டித் தோள்களில் இறுக்கினான்.

சொல்லிவிடலாம். இப்போதுகூட. ரூபேந்திரன் வாயைத் திறந்தான். ஜன்னலில் புஷ்பவள்ளி நின்றிருந்தாள். சொன்னால் அவளிடம் சொன்ன பொய் வெளியே வந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டான்.

நவ்சாத் கதவைச் சாத்தினான். கார் நகர்ந்தது. கோடும் ஏறியது. மூக்கு. கண். நெற்றி.

தெருமுனையில் கார் திரும்பியபோது கண்ணாடி முழுக்கப் பழுப்பு. உள்ளிருந்து ஒரு கை அதில் அறைந்தது. இன்னொரு கை. மூன்றாவது கை.

செம்பனைத் தோட்டத்துச் சாலையோரத்தில் கார் கிடைத்தது. கதவுகள் பூட்டியிருந்தன. இருக்கைகள் உலர்ந்திருந்தன. பெல்ட் மாட்டியபடியே இருந்த நவ்சாத்தின் நுரையீரலில் ஆற்று நீர் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை கூறியது. அன்று பண்டார் தெங்காரா இருக்கும் குலாய் மாவட்டத்தில் மழை இல்லை.

விசாரணை முடிந்ததும் கார் உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.