காதுக்காரனைக் காணவில்லை

புதன்கிழமை மதியம் லஸ்ஹரின் வேன் வாசலில் வந்து நின்றபோது ரெஜப் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று என்ன பிரயோஜனம்? எங்கள் ஊரில் ஒரு கோழி தொலைந்தாலும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். லஸ்ஹருக்கு அதுதான் கொண்டாட்டம். பக்கத்து நகரத்துக்கு ஆள் ஏற்றுகிற வேன்காரன். வழக்கு என்று கேள்விப்பட்டால் பயணிகளை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுவான்.

"பெரியப்பா, பெரிய கேஸு! கல்லைக் காணோம்!"

"நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?" என்றார் ரெஜப், தலையை நிமிர்த்தாமல்.

வேனிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்த பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தார். ஹென்ஷீரின் காவலாளி ஜிலானி. ஹென்ஷீர் என்றால் மலைச்சரிவில் இருக்கும் ரோமர் காலத்து ஊர். ஒரு நாடக அரங்கு, குளியல் கூடம், பாதி நிற்கிற வளைவு. நல்ல நாளில் ஆறு பேர் பார்க்க வருவார்கள், மற்ற நாட்களில் ஆடுகள். ஜிலானியும் அவர் மனைவி தாவூஸும் இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே வாசலோரத்து வீட்டில் இருந்துகொண்டு அதைக் காவல் காக்கிறார்கள். அன்றைக்கு அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"காதுக்காரன் போயிட்டான் அண்ணே," என்றார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் தொல்பொருள் இலாகா அம்மா போலீஸோட வராங்க. கல்லு இல்லேன்னா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். நான் திருடலை அண்ணே, வல்லாஹி, அல்லாஹ்மேல சத்தியம்."

காதுக்காரன் என்பது முழங்கால் உயர நடுகல். கையில் திராட்சைக் குலையோடு ஒரு வாலிபன் நிற்பான். முகம் என்னவோ சாதாரணம்தான். காது இரண்டும் பானைக் கைப்பிடி போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவனுக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் அது.

நடந்ததை ஜிலானி சொன்னார். கல்லைத் தலைநகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக உத்தரவு வந்தது. சனிக்கிழமை இலாகா அதிகாரி ரவ்தா அம்மையார் நேரில் வந்து, மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கல்லைத் தன் கையாலேயே படுக்க வைத்தார். ஜிலானி ஆணி அடித்தார். பெட்டியைக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்து ஏற்றிப்போனது. இன்று அங்கே திறந்து பார்த்தால் உள்ளே வேறு எதுவோ.

"சாவி?"

"பகல்ல என் பாக்கெட்டுல, ராத்திரி வீட்டு ஆணில. திங்கட்கிழமை சந்தைக்குப் போனப்ப மட்டும் ஆணிலயே விட்டுட்டுப் போனேன்."

"சந்தையில ஹம்தாவைப் பார்த்தியா?" என்று குறுக்கே பாய்ந்தான் லஸ்ஹர். வருகிறவர்களிடம் போன மாதம் செய்த ரோமாபுரிக் காசை விற்கிற ஆள் ஹம்தா. ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் பெயர்தான் அடிபடும்.

"காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும் என் பக்கத்துலதான் கடை போட்டிருந்தான். என்கிட்டயே ஒரு காசை விக்கப் பார்த்தான்."

லஸ்ஹரின் முகம் தொங்கிப்போனது.

மூவரும் ஹென்ஷீருக்குப் போனார்கள். கிடங்கின் பூட்டில் ஒரு கீறல் இல்லை. உள்ளே மூலையில் வைக்கோல் ஆள் உயரம் கிடந்தது. ரவ்தா அம்மையார் ஜிலானிக்கு அனுப்பியிருந்த படங்களை லஸ்ஹர் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினான். பெட்டிக்குள் உடைந்த திருகைக் கல் ஒன்று. அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று, அலசிக் காயவைத்த ஆட்டு ரோமம்.

"வைக்கோலைக் காணோமே," என்றார் ரெஜப்.

"திருடன் எடுத்துட்டுப் போயிருப்பான்," என்றான் லஸ்ஹர்.

"இவ்வளவு வைக்கோல் சும்மா கிடக்கறப்ப, அதை எடுத்துக்கிட்டுப் பதிலுக்கு நல்ல ரோமத்தை அடைச்சு வெக்கறவன் என்ன திருடன்டா?"

தாவூஸ் தேநீர் கொண்டுவந்தாள். மெலிந்த பெண், சிரித்த முகமாக இருந்தவள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் மகன் மிக்தாத் ஒருவரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் கிளம்பி, படகேறி இத்தாலிப் பக்கம் போனான். போனவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. படகு போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. அன்றிலிருந்து ஜிலானி மகன் பெயரை வாயால் சொன்னதில்லை. தாவூஸ் அதைத் தவிர வேறொன்றும் நினைத்ததில்லை. அந்த வீட்டுக்குள் போனாலே நெஞ்சை என்னவோ செய்யும்.

"இவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா அண்ணே?" என்று கேட்டாள். ரெஜப் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அதையே மூன்று தடவை கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

பிறகு ரெஜப் லாரி டிரைவர் ஷெத்லியைக் கைபேசியில் பிடித்தார். வழியில் எங்கும் நிற்கவில்லை, பெட்டியில் கை வைக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தான்.

"கிளம்பறப்ப யார் யார் இருந்தாங்க?"

"எல்லாரும்தான் ஸார்ஜண்ட். ஏதோ கல்யாணப் பொண்ணை அனுப்பற மாதிரி ஆளாளுக்குத் தண்ணி ஊத்தினாங்க. ஜிலானி கெட்டிலைக் கவுத்தார். அந்தக் காசுக்கார ஹம்தா இருக்கானே, அவன்கூட ஒரு பாட்டில் ஊத்தினான். தாவூஸக்கா மட்டும் ஊத்தலை. மத்த நாள்ல என் நம்பர் பிளேட்டையே குளிப்பாட்டி விடற ஆளு. என்மேல கோவமோ என்னமோ, செம்போட நின்னுட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க."

எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவர் பின்னால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவோம், போனவர் திரும்பி வரட்டும் என்று. தாவூஸ் அதில் ஒரு படி மேலே. முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் பஸ்ஸுக்குப் பின்னாலும் ஓடிப்போய் ஊற்றுவாள். லஸ்ஹர் கேலி செய்யாத நாளில்லை.

"பாவம், துக்கத்துல மறந்திருப்பாங்க," என்றான் லஸ்ஹர்.

ரெஜப் குளியல் கூடத்தை நோக்கி நடந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் மொசைக் தரைகளை மணல் போட்டு மூடுவது ஜிலானியின் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே மூடியிருந்தார். பல்வைத்த வாரியால் இழுத்த நேர்க்கோடுகள் மணல் முழுக்க ஓடின. கிழக்கு மூலையில் மட்டும் கோடுகள் இல்லை. அங்கே மணல் சற்று மேடாக, கைத்துடைப்பத்தால் விசிறி விசிறியாகப் பெருக்கியது போல் இருந்தது. ரெஜப் அதைப் பார்த்துவிட்டு அதைத் தொடாமலே திரும்பினார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு எல்லாரும் அரங்கத்துப் படிக்கு வாங்க. லஸ்ஹர், நீ ஹம்தாவையும் கூட்டிட்டு வா."

மறுநாள் காலை படிகளில் ஜிலானி, தாவூஸ், ஹம்தா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். லஸ்ஹர் யாராவது ஓடினால் பிடிக்கத் தயாராக நின்றான்.

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றான் ஹம்தா. "நான் போலிதான் விப்பேன். நிஜத்தைத் தொட்டதே இல்லை."

"நீ இல்லைன்னு தெரியும்," என்றார் ரெஜப். "எடுத்தவங்களுக்குக் காசு ஆசை இல்லை. விக்கப்போறவன் கல்லைச் சாக்குல சுத்தித் தூக்கிட்டு ஓடுவான். இவங்க பெட்டியில கல்லு படுத்திருந்த வைக்கோலையும் சேர்த்து வாரியிருக்காங்க. எதுக்கு? வேற இடத்துல அதே மாதிரி படுக்க வெக்க. அவசரத்துல பெட்டிக்கு அடைக்க வீட்டுல கைக்கு வந்தது ரோமம். ஹம்தாவுக்கு ஆடும் இல்லை, அலசிப்போட ஆளும் இல்லை."

"எவன் பொண்ணு தருவான் எனக்கு!" என்றான் ஹம்தா.

"திங்கட்கிழமை ஜிலானியும் ஹம்தாவும் சந்தையில. ஷெத்லி வந்தது செவ்வாய்க்கிழமை. சாவி ஆணில. அப்புறம் அந்தத் தண்ணி." ரெஜப்பின் குரல் தாழ்ந்தது. "கல்லு போகுதேன்னு துக்கப்படறவங்க ஒண்ணுக்கு ரெண்டு செம்பா ஊத்துவாங்க. அதுவும் யார் போனாலும் ஊத்தற கை. அந்தக் கை அன்னிக்கு ஊத்தலைன்னா ஒரே காரணம்தான். அந்த லாரில காதுக்காரன் போகலைன்னு அந்தக் கைக்குத் தெரியும். போகாத ஆளுக்கு எதுக்கு..."

"போதும் அண்ணே," என்றாள் தாவூஸ். "நான்தான் எடுத்தேன்."

ஜிலானி எழுந்துவிட்டார். "நீயா? என்னை ஜெயிலுக்கு அனுப்பவா?"

"அங்க போற பெட்டியைப் பத்து வருஷத்துக்கு யாரும் திறக்கமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க! மறுநாளே திறப்பாங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்? நேத்து ராத்திரி பூரா உங்ககிட்ட சொல்ல வாயைத் திறந்தேன். வரலை. போலீஸ் வர்றதுக்குள்ள சொல்லியிருப்பேன்."

ஹம்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லஸ்ஹர் அவன் விலாவில் ஒரு இடி இடித்தான்.

"எதுக்கும்மா?" என்றார் ரெஜப்.

தாவூஸ் கணவனைப் பார்க்காமல் பேசினாள். "அவன் போன அன்னிக்கு நான் தூங்கிட்டேன் அண்ணே. பெத்தவ தூங்கிட்டேன். பின்னால ஒரு சொட்டுத் தண்ணி விழலை. எவன் எவனுக்கோ ஊத்தி என்ன ஆச்சு? அந்தக் கல்லுக்கும் என் புள்ளைக்கும் ஒரே காது. தினம் காலைல போய் ஒரு வார்த்தை பேசிட்டு வருவேன். வீட்டுலதான் பேரைச் சொல்லக்கூடாதே. அதுவும் போகுதுன்னாங்க. ரெண்டாவது தடவையும் சும்மா விட என்னால ஆகலை."

ஜிலானி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளியல் கூடத்துப் பக்கம் நடந்தார். ரெஜப் இடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தாவூஸே முன்னால் போய் நின்றாள். பாதி தோண்டியதும் ஜிலானி மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மணலை ஒதுக்க ஆரம்பித்தார். வைக்கோல் மேல் காதுக்காரன் ஒரு கீறல் இல்லாமல் படுத்திருந்தான்.

பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்தது. ரவ்தா அம்மையார், நான்கு போலீஸ்காரர்கள், பின்னால் ஷெத்லியின் லாரி. நடுகல் கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"கல் ஹென்ஷீரை விட்டுப் போகவே இல்லை மதாம்," என்றார் ரெஜப்.

"அப்ப பெட்டியில எப்படி..."

"என் தப்பு," என்றார் ஜிலானி. "பெட்டி மாறிப்போச்சு."

"அவர் பொய் சொல்றார். நான் எடுத்தேன்," என்றாள் தாவூஸ்.

"சும்மா இரு!"

ரவ்தா அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரெஜப்பைத் தனியே அழைத்தார். ரெஜப் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அம்மையார் கொஞ்சநேரம் கல்லின் எதிரே குந்தி உட்கார்ந்தார். அப்புறம் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார்: பெட்டி தவறாக ஏற்றப்பட்டது, பொருள் பத்திரமாக உள்ளது, காவலாளிக்கு எச்சரிக்கை. போலீஸ்காரர்களில் ஒருவர் முனகினார். "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று அம்மையார் அவரைப் பார்த்துக் கேட்டார்.

ஜிலானி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தோடு முடிந்தது என்று லஸ்ஹர் நினைத்தான். தாவூஸ் முடிக்கவில்லை.

"அங்க இதை எங்க வெப்பீங்க மதாம்?"

"ரெண்டாவது கூடத்துல, ஜன்னலோரம். நீங்க எப்ப வேணா வந்து பார்க்கலாம். கவலைப்படாதீங்க, இதுக்குன்னு ஒரு நம்பர் போட்டிருக்கு. எங்க போனாலும் கண்டுபிடிச்சிடுவோம்."

"ஆமா, பார்த்தேனே," என்றாள் தாவூஸ். அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் கேட்கத் தாங்கவில்லை. "ஒரு கல்லு ஒரு நாள் காணோம்னதும் ஜீப்பு வந்துச்சு, நாலு போலீஸ் வந்துச்சு, இவ்வளவு பெரிய லாரி வந்துச்சு. என் புள்ளை நாலு வருஷமா காணோம். ஒரு சைக்கிள்கூட வரலை."

போலீஸ்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ரவ்தா அம்மையார் அவள் பக்கத்தில் வந்தார். "தலைநகரத்துல ஆஸ்பத்திரில ஒரு பிரிவு இருக்கு. கடல்ல போனவங்களோட தாய் தகப்பன்கிட்ட ரத்தம் எடுப்பாங்க. அந்தப் பக்கத்துக் கரைல ஒதுங்கின பேர் தெரியாதவங்களோட ஒத்துப் பார்க்க..."

"தெரியும்," என்றாள் தாவூஸ். "இவர் விடலை. ரத்தம் குடுத்தா அவனை நாமே புதைச்ச மாதிரின்னார். எனக்கும் பயம்தான். ஆனா எங்கேன்னு தெரியணும் மதாம். உசிரோடன்னா உசிரோட. இல்லேன்னா இல்லை. எங்கேன்னு மட்டும் தெரியணும்."

ஜிலானி லாரியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. கிடங்குச் சாவியை எடுத்து, எல்லோரும் வாய் பிளக்க, ஹம்தாவின் கையில் வைத்தார்.

"நாளைக்குச் சாயந்திரம் வரேன். ஒரு கல்லு குறைஞ்சாலும் தோலை உரிச்சிடுவேன்."

"அல்லாஹ்மேல ஆணையா..." என்று ஆரம்பித்த ஹம்தா பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"ஷெத்லி, முன்னால ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா?"

ஷெத்லி ஒன்றும் கேட்காமல் முன்சீட்டில் கிடந்த ரொட்டிப் பையையும் பழைய பேப்பரையும் வாரி வெளியே எடுத்தான். ரவ்தா அம்மையார் கைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை உருவினார்.

"ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா. சீட்டு எழுதித் தரேன். பையன் பேர் என்ன?"

தாவூஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"மிக்தாத்," என்றார் ஜிலானி. நாலு வருஷத்தில் முதல் தடவை. "மிக்தாத் பின் ஜிலானி. என் மகன். வயசு பத்தொன்பது."

தாவூஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப இருபத்திமூணு," என்றாள்.