இடது காது இணைப்பில் உள்ளது

போனை எடுத்தால் யார் குரலும் கேட்கவில்லை. மதியம் அலெக்ஸாண்டரைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து, துக்கம் விசாரிக்க அவர் போனுக்கே எல்லோரும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். டோரதியும் புருஷனின் போனை எடுத்து எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு விம்மல்கூட இல்லை. பொழுது சாய, ஜன்னல் வழியே கருவாட்டு வாடையும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும், பின்சுவருக்கு அந்தப்பக்கக் கல்லறைத் தோட்டத்தில் யாரோ மண்வெட்டியைக் கழுவும் சத்தமும் வந்தன. மனுஷன் போனது போதாதென்று இந்தச் சனியன் வேறு என்று எரிச்சலாக வந்தது.

திரையில் அவருடைய காது மெஷினின் ஆப் மின்னிக்கொண்டிருந்தது. அதிலிருந்த உதவி எண்ணைத் தன் பட்டன் போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சத்தமெல்லாம் காது மெஷினுக்குப் போகுது மேடம். இடது காது கனெக்ட் ஆகியிருக்கு பாருங்க," என்றான் எதிர்முனையில் இருந்தவன்.

"அது எப்டிப்பா? அது அவர் காதுலதான கீது."

ஃபாதரின் ஜெபம் கேட்கட்டும் என்று, பெட்டியை மூடுமுன் அவளேதான் மாட்டிவிட்டிருந்தாள்.

"அப்ப சார் பக்கத்துலதான் இருக்காரு. முப்பது அடிக்குள்ள இருந்தாத்தான் கனெக்ட் ஆகும்."

டோரதி ஜன்னலைப் பார்த்தாள். சுவர். அந்தக் குட்டைச் சுவரைத் தாண்டி, அதை ஒட்டியே, மதியம் மூடிய புது மண்மேடு. மேலே சாமந்தி மாலை.

அப்படியானால் இத்தனை நேரம் அழுதவர்களின் அழுகையெல்லாம் அவர் காதுக்குத்தான் போயிருக்கிறது.

"டெஸ்ட் பண்ணலாம் மேடம். ஆப்புல இருக்குற மைக்கை அழுத்திப் பேசுங்க. கேட்டா, சாரை மெஷின் மேல ரெண்டு தட்டு தட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்கிரீன்ல பச்சையா வரும்."

அழுத்தினாள்.

"ஏங்க... நான்தான். கேக்குதுன்னா ரெண்டு தட்டு தட்டுங்க."

பச்சை. பச்சை.

பயத்துக்கு நடுவே சந்தோஷம் பொங்கியது.

"பயப்படாதீங்க. ஆளுங்கள இட்டுகினு வரேன். நான் பேசிகினே கீறேன்."

பச்சை. பச்சை. பச்சை. நிற்கவேயில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். போன்ல சத்தம் வரணும், அவ்ளோதான? இங்கேருந்தே கனெக்‌ஷனைக் கட் பண்ணிட்றேன்."

"வேணாம்பா! டேய், வேணா—"

"முடிஞ்சுது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

திரை காலி. மைக்கை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை.

அலெக்ஸாண்டரின் போன் அடித்தது. அவர் தங்கை. இப்போது துல்லியமாகக் கேட்டது.

"அண்ணன் நம்மள வுட்டுட்டுப் பூட்டாரே, அண்ணி..."

சுவருக்கு அந்தப்பக்கம் சாமந்தி மாலை இரண்டு முறை அசைந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் இரண்டு முறை.