பத்தாவது வில்லை

இருதயம்மாள் மாடியேறி வந்தபோது காலில் செருப்பில்லை. கருமத்தம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து உக்கடம் வந்திருந்தாள்.

"ஏனுங்க பாய், நாளைக்கு எங்கூட்டுக்காரரைக் கோர்ட்டுல நிறுத்தறாங்களாமுங்க. ஆளைக் கொன்னுபோட்டாருங்கறாங்க."

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரிப்பவர் அப்துல் மஜீத். அவர் நாற்காலியைக் காட்டினார். தட்டெழுத்தாளர் சாந்தாமணி விரல்களை நிறுத்தினாள்.

இருதயம்மாளின் கணவர் அமிர்தநாதன், கருமத்தம்பட்டியில் எழும்பும் புது மில்லுக்கு மேஸ்திரி. திங்கட்கிழமை காலை புதுக் கூரையைத் தாங்கி நின்ற முட்டுகளை எடுக்கச் சொன்னார். கூரை இறங்கியது. கொத்தனார் ஒருவர் செத்துப்போனார். முட்டு எடுக்கலாம் என்று, எந்த வேலை முடிந்தது என்று காட்டும் மில் பலகை காட்டியதாக அமிர்தநாதன் சொல்கிறார். போலீஸ் வந்து பார்த்தபோது பலகை அப்படிக் காட்டவில்லை.

"பலகை எப்படிங்க பொய் சொல்லும்?" என்றாள் சாந்தாமணி.

"அப்ப அவரு பொய் சொல்றாருங்கறயா, கண்ணு?"

சாந்தாமணி தட்டெழுத்துப் பொறியை மூடிவிட்டு எழுந்தாள். மஜீத் குடையை எடுத்தார்.

மில்லின் கணக்கறைக்கு அடுத்த அறையில் இருந்தது பலகை. திங்கட்கிழமை பகலிலிருந்து அறைக்குப் போலீஸ் பூட்டு. சப்-இன்ஸ்பெக்டர் திறந்துவிட்டார். என்ஜினீயர் அரங்கசாமி விளக்கினார்.

"கட்டடம் முழுக்கப் பிரிச்சு எண் போட்டிருக்கேன். நாலுன்னா குடோன் கூரை. அஞ்சுன்னா பெரிய கூடத்துக் கூரை. அதுக்குள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண். அஞ்சு புள்ளி ஒண்ணு, முட்டு நடறது. அஞ்சு புள்ளி ஒம்பது, காங்கிரீட் இறுகறது. அஞ்சு புள்ளி பத்து, முட்டு எடுக்கறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தகர வில்லை. சிவப்புப் பக்கம் தெரிஞ்சா வேலை பாக்கி. முடிஞ்சதும் நான் வெள்ளைக்குத் திருப்புவேன், அப்புறந்தான் அடுத்த வேலை. நான் மட்டுந்தான்."

"திங்கட்கிழமை நீங்க எங்கே?"

"சேலத்துல."

"காங்கிரீட் எப்போ போட்டதுன்னு மேஸ்திரிக்குத் தெரியாதா?"

"அப்ப அவருக்கு அம்மை போட்டிருந்தது. திங்கட்கிழமைதான் வேலைக்கு வந்தாரு. பலகையைப் பாரு, யாரையும் கேக்காதேங்கறது என் விதி." கடைசி வார்த்தைகள் மெதுவாக வந்தன.

கூரை விழுந்தபோது ஜன்னல் வழியே வந்த சிமென்ட் தூசி பலகையெங்கும் மாவு போலப் படிந்திருந்தது.

"சார், கைரேகை எடுக்கலாமுங்க!" சாந்தாமணி கை நீட்டினாள்.

"உங்க ரேகைதான் கிடைக்கும். கையை எடுங்க அம்மணி. அஞ்சாவது வரிசையைப் படிங்க."

மேலே இருந்த நான்கு வரிசைகளும் குட்டை. ஐந்தாவதுதான் நீளம். ஆணிகளுக்கு எண் இல்லை. வில்லைகளுக்கு மட்டுமே. அவள் படித்தாள். "ஒண்ணு, பத்து, ரெண்டு, மூணு... கடைசியா ஒம்பது. பத்தும் ஒம்பதும் சிவப்பு. மத்ததெல்லாம் வெள்ளை. பத்து வில்லையும் இருக்குதுங்க சார்."

மஜீத் ஒன்பதை மட்டும் கைக்குட்டையால் எடுத்தார். மற்ற வில்லைகளின் முகத்தில் தூசி. இதன் சிவப்பு முகம் கழுவியது போல இருந்தது. பின்னால் இருந்த வெள்ளையில் தூசி.

சாந்தாமணி குனிந்து பார்த்தாள். "கூரை விழுந்தப்போ வெள்ளைதான் வெளிய இருந்திருக்குது! பொறகு யாரோ திருப்பியிருக்காங்க."

"மேஸ்திரியே ரெண்டு தடவையும் திருப்பியிருக்கலாமே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இருக்கலாம். அவரையும் கூட்டிட்டு வாங்க. இந்த அறைக்கு வந்துபோகிற எல்லாரையும்."

மாலையில் ஐந்தாவது வரிசையின் மேல் துணி கட்டியிருந்தது. விலங்கோடு அமிர்தநாதன் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத காவல்காரர் வந்தார். முதலாளியின் மைத்துனரும் மில்லின் கணக்கருமான சுந்தரராஜுலு வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு வேலை கெடக்குதுங்க."

"அஞ்சு நிமிஷங்க." ஆறாவதான சுற்றுச்சுவர் வேலை தொடங்கவில்லை. அதன் வில்லைகள் பெட்டியில் குவிந்து கிடந்தன. மஜீத் பெட்டியை நீட்டினார். "நீங்க கணக்குத் தெரிஞ்சவர். ஒண்ணுலிருந்து வரிசையா மாட்டுங்க பார்ப்போம்."

"இது என்னங்க பள்ளிக்கூடமா?" என்றாலும் வாங்கிக்கொண்டார். ஆறு புள்ளி ஒன்று. அதன் பக்கத்தில் ஆறு புள்ளி பத்து. பிறகு இரண்டு, மூன்று. கை தயங்கவே இல்லை. ஒன்பதோடு முடித்துத் திரும்பினார்.

"பத்து கடைசிலீங்க" என்றார் அமிர்தநாதன். "கதவை மாட்டிப்போட்டா செவுரு கட்டுவாங்க?"

மஜீத் துணியை அவிழ்த்தார். ஐந்தாவது வரிசையிலும் பத்து, ஒன்றை ஒட்டித் தொங்கியது.

"திருப்பும்போது வில்லைகள் கீழே கொட்டியிருக்கு. பதட்டத்துல பொறுக்கி மாட்டியிருக்காங்க. என்ஜினீயர் மாட்டினா பத்து கடைசி. மேஸ்திரிக்கு எண்ணே வேண்டாம், வேலை தெரியும். முட்டு நட்ட கையோட அதை எடுக்கறதைச் சேர்த்து மாட்ட மாட்டார். காவல்காரருக்கு எண் தெரியாது. அவர் மாட்டினா ஒழுங்கே இருக்காது. ரூபாய்க்குப் பக்கத்துல புள்ளி வெச்சு நயா பைசா எழுதிப் பழகின கைக்குத்தான் புள்ளி ஒண்ணும் புள்ளி பத்தும் ஒரே பத்துப் பைசா. அந்தக் கைக்கு இது சரியான வரிசை."

சாந்தாமணிக்குக் காது சுட்டது. அவளும் அப்படித்தான் மாட்டியிருப்பாள்.

சுந்தரராஜுலு தான் மாட்டிய வில்லைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம பெரிய கூடத்துல மிஷின் எறக்க முகூர்த்தம்" என்றார் கடைசியில். "மந்திரிக்குச் சொல்லியாச்சு. மச்சான் முன்னால தலை குனிய முடியாதுங்க. ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆனா என்னன்னு ஞாயித்துக்கெழமை ராத்திரி ஒம்பதை வெள்ளைக்குத் திருப்பிப்போட்டேன். சத்தம் கேட்டதும் ஓடியாந்தேன். மறுபடி செவப்புக்குத் திருப்பறப்போ எல்லாம் கீழ கொட்டிப்போச்சுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் அமிர்தநாதனின் விலங்கைக் கழற்றினார். அதை மறுபடி பையில் போடவில்லை.

வாசலில் இருதயம்மாள் நின்றிருந்தாள். அழவில்லை. கணவரின் மணிக்கட்டை மட்டும் தேய்த்துவிட்டாள்.

அரங்கசாமி தொண்டையைச் செருமினார். "மேஸ்திரி, குடோன் கூரைக்கு முட்டு எடுக்கணும். நாலாவது வரிசையைப் பாருங்க. அது நானே திருப்பினது. இப்ப எடுக்கலாம்."

அமிர்தநாதன் பலகைப் பக்கம் திரும்பவில்லை.

"ஏணி கொண்டாரச் சொல்லுங்க" என்றார். "ஏறித் தட்டிப் பாத்துப்போட்டுச் சொல்றனுங்க."