சிறுமலைக்கு இரண்டு பேர்

சிறுமலையில் அறை கிடைத்துவிட்டது என்று சூர்யபிரகாஷ் வந்து சொன்னபோது திலகவதி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து வந்தவன் கைகால்கூடக் கழுவாமல் நிலையில் சாய்ந்து நின்று, "நீ கேட்ட மாதிரியே மாடி ரூம். ஜன்னலத் தொறந்தா மலை தெரியுமாம்" என்றான்.

அவள் சிரித்தாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். அப்புறம்தான் உறைத்தது. மாடி அறை வேண்டும் என்றோ, ஜன்னலில் மலை தெரிய வேண்டும் என்றோ அவள் யாரிடமும் கேட்கவே இல்லை.

அவருக்கே அந்த ஆசை இருந்திருக்கும், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு என் தலையில் போடுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வதில் ஒரு தித்திப்பும் இருந்தது.

ஆவணியில்தான் திருவரங்குளம் கோயிலில் வைத்து அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. திலகவதிக்கு வயது முப்பத்தாறு. அன்னவாசலில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். தங்கச்சி ரஞ்சிதா கட்டிக்கொண்டுபோய்ப் பிள்ளையும் பெற்ற பிறகு, வீட்டில் இவள் கல்யாணத்தைப் பற்றிய பேச்சே நின்றுபோயிருந்த நேரத்தில் வந்த வரன் இது. ஆலங்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை, தென்னந்தோப்புக்குள் ஓட்டுவீடு, பழைய வெள்ளைக் கார். அவனுக்கு இரண்டாந்தாரம். முதல் மனைவி செவந்தி முந்தின வருஷம் கார்த்திகையில் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை.

நல்ல மனிதன்தான். குரலை உயர்த்திப் பேசியதில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நடந்துகொள்வது போலவே அவளிடம் நடந்துகொண்டான். விளக்கை அணைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவனுடைய முதுகைப் பார்த்தபடி அவள் விழித்துக் கிடப்பாள். மனைவியாக வந்த வீட்டில் இன்னும் மனைவி ஆகவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

மார்கழி பிறந்ததும், இருக்கிற தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு அவள்தான் கேட்டாள், சனி ஞாயிறில் எங்கேயாவது போய்விட்டு வரலாமா என்று. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கேட்டிருக்கவே கூடாது என்று அவள் நினைத்த நேரத்தில், "சிறுமலை போலாம். கார்லயே போயிரலாம்" என்றான்.

அதன்பிறகு சாயங்காலம் எல்லாம் அதே பேச்சு. விடியுமுன் கிளம்பி விராலிமலையில் டிபன் சாப்பிடுவது, மணப்பாறையில் முறுக்கு வாங்கிக்கொள்வது, மலை வளைவுகளில் அவளுக்குத் தலைசுற்றினால் எங்கே நிறுத்துவது என்று அவன் வாய் ஓயாமல் பேசினான். ஒருநாள் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் அரக்குக் கலரில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டுப் பார்த்தபோது கடைக் கண்ணாடியில் அவள் முகம் அவளுக்கே புதிதாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் பையை எடுத்து வைத்தாள். சேலைகளைச் சதுரமாக, இஸ்திரிக் கடையில் மடிப்பது போல மடிப்பதுதான் அவள் வழக்கம். மறுநாள் சீப்பு வைக்கப் பையைத் திறந்தாள். உள்ளே எல்லாம் நீளவாக்கில் சுருட்டி, ஒன்றோடொன்று இறுக்கி, குழந்தையைத் துணியில் சுற்றுவது போல அவ்வளவு பதனமாக அடுக்கியிருந்தது. ஸ்வெட்டரை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். புதுக் கம்பளி வாசம் இல்லை. கசப்பாக, தொண்டைக்குள் இறங்குகிற ஒரு வாசம். மருந்துக்கடையில் வருஷக்கணக்காக நின்றவளுக்கு அது தெரியும். காய்ச்சல் பரவுகிற காலத்தில் ஊர் முழுக்கக் காய்ச்சிக் கொடுப்பார்களே, அந்த நிலவேம்புக் கசாயம்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தன் வழக்கப்படி மடித்து வைத்தாள். சாயங்காலம் பார்த்தபோது மறுபடி சுருட்டியிருந்தது.

அவனிடம் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வான்? நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்? அவள் கேட்கவில்லை.

இன்னொரு நாள், பொழுது இறங்குகிற நேரம். கொல்லையில் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, தோப்புக்கு அப்பால் யாரோ சருகு கூட்டிக் கொளுத்திய புகை தரையோடு ஊர்ந்து வந்தது, பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்துவிட்டு அடங்கியது. அந்த அடக்கத்துக்குள்தான் படுக்கையறையிலிருந்து சூர்யபிரகாஷின் சிரிப்புக் கேட்டது. அவன் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்புக்குப் பிறகு ஒரு பெண்குரல். தணிந்த குரல். கொஞ்சம் இழுத்து, செல்லமாக.

"அங்கிட்டு ரொம்பக் குளுருமாங்க? வாயத் தொறந்தா பொகை வருமா?"

அது திலகவதியின் குரல்.

கொல்லையில் நிற்கிறாள். வாயை மூடித்தான் நிற்கிறாள். உள்ளே அவள் குரல் பேசுகிறது.

எப்படி நடந்து உள்ளே போனாள் என்று தெரியவில்லை. அறையில் விளக்குப் போடவில்லை. கட்டில் விளிம்பில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மெத்தை, யாரோ உட்கார்ந்திருப்பது போலக் குழிந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அந்தக் குழி மெல்ல மெல்ல மேலெழும்பிச் சமமானது.

"அதுக்குள்ள எந்திரிச்சு எங்க போன?" என்று கேட்டு நிமிர்ந்தவனின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "கை ஏன் இப்பிடிச் சில்லுன்னு இருக்கு ஒனக்கு? புடிச்சுக்கிட்டு இருந்தப்பவே நெனச்சேன்."

அவன் அவள் கையை ஒருநாளும் பிடித்ததில்லை.

சொல்லியிருக்கலாம். அது நான் இல்லை என்று அந்த இடத்திலேயே அலறியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவளுக்குக் கிடைக்காத முகம். வாயைத் திறந்தால் அது அணைந்துவிடும். துணியை மடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் கையிலிருந்த அவன் சட்டைக் காலரில் விழுந்தது. பயத்தில் வந்த அழுகையா, பொறாமையில் வந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அடுத்த தோப்புச் செங்கமலத்தைப் போய்ப் பார்த்தாள். செவந்தியோடு நெருங்கிப் பழகியவள் அவள் ஒருத்திதான். சுற்றி வளைத்துக் கேட்டதற்குச் செங்கமலம் மறைக்காமல் சொன்னாள். செவந்திக்கு ஒவ்வொரு மார்கழிக்கும் ஒரே ஆசைதானாம், புருஷனோடு குளிரான ஊருக்கு ஒருமுறை போக வேண்டும் என்று. ஒரு வருஷம் கடையில் வேலை, ஒரு வருஷம் புயலில் தோப்பே சாய்ந்து கிடந்தது, ஒரு வருஷம் கார் ரிப்பேர். கடைசியில் கட்டாயம் போகலாம் என்று அவன் நாள் குறித்த பிறகுதான் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதுகூட, இரண்டு நாளில் சரியாகிவிடும், அப்படியே போய்விடலாம் என்று பையைக் கட்டி வைத்திருந்தாளாம்.

"கடைசியா நெனவு தப்பறப்பவும் பை எங்கன்னுதான் கேட்டுச்சு, ஆத்தா" என்றாள் செங்கமலம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தம்பி அதுக்கப்புறம் மனுசனா இல்ல. நீ வந்துதான் தேத்தி எடுத்திருக்க" என்றும் சொன்னாள்.

தோப்பு வழியே திரும்பி வரும்போது திலகவதிக்கு விநோதமாக, பயம் குறைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு துக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒன்றுக்காக ஆசையோடு காத்திருந்து அது நடக்காமலே போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே அவள் வயது போனது.

கிளம்புவதற்கு முந்தின நாள், விளக்கேற்றிய பிறகு, அவன் காருக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தான். அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். நிலவேம்பு வாசம் மூச்சை அடைத்தது. பக்கத்தில் மெத்தை தாழ்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது தோள் மட்டும், ஈரத்துணியைப் போர்த்தியது போல, குளிர்ந்துகொண்டே வந்தது.

"செவந்தி" என்றாள். "எனக்கும் ஆசதான் இருக்கு. நான் ஒன்னும் ஒன்கிட்ட இருந்து பறிக்க வரல."

யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது போன்ற அமைதி.

"வேணும்னா நீயும் வா. பின்னாடி சீட்டு சும்மாத்தான் கெடக்கு. பாத்துட்டு, மனசு ஆறிப் போயிரு."

நீளமான ஒரு பெருமூச்சு. அவள் கன்னத்தில் பட்டது. அப்புறம் மெத்தை எழும்பியது, வாசம் விலகியது, தோளில் சூடு திரும்பியது. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அன்று அசந்து தூங்கினாள்.

விடியுமுன் எழுந்து, அடுப்படியை ஒட்டிய குளியலறையில் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். ஆவி பறந்தது. ஆனால் சூடு உடம்பில் படவே இல்லை. மார்கழிக் குளிர் அப்படி என்று நினைத்துக்கொண்டாள். வெளியே கார் உறுமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. எஞ்சினைச் சூடேற்றுகிறார். தாமதமாகிவிட்டது. பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு அறைக்கு ஓடினாள்.

கட்டிலில் எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலை இல்லை. ஸ்வெட்டர் இல்லை. பை இல்லை.

காரில் கொண்டுபோய் வைத்துவிட்டாரோ? சேலையை ஏன்?

"இந்தா வந்துட்டேங்க" என்று குரல் கொடுத்தாள். கொடுத்த குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை.

கூடத்துக்கு வந்தாள். இருட்டு. வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே பூட்டுத் தொங்கி மரத்தில் இடிக்கும் சத்தம். சாவி திரும்பியது.

கதவைத் தட்டினாள். சத்தம் வரவில்லை.

அடுப்படிக்கு ஓடினாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தாள். பிடிபடவில்லை. மறுபடி பிடித்தாள். விரல்கள் வெறுமனே மூடிக்கொண்டன.

கூடத்து ஜன்னலுக்கு வந்தாள். அது திறந்திருந்தது. பனி தோப்பு முழுக்க இறங்கியிருந்தது, தென்னைகள் இடுப்புக்குமேல் இல்லை. கார் விளக்கு வெளிச்சத்தில் சூர்யபிரகாஷ் நின்றான். முன்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே இருப்பவளின் சேலை முந்தானை கதவிடுக்கில் மாட்டாமல் எடுத்து மடியில் வைத்துவிட்டான். பச்சை முந்தானை. அரக்கு ஸ்வெட்டர். தலை நிறையப் பூ.

பின் சீட்டில் யாரும் இல்லை.

"ஏங்க" என்று கத்தினாள். "ஏங்க, நான் இங்க இருக்கேன்."

அவன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். பூட்டிய வீட்டைப் பார்க்கிற பார்வை. போய் வண்டியில் ஏறிக்கொண்டான்.

வழியனுப்ப வந்திருந்த செங்கமலம் அவனிடமிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கார்ப்பக்கம் குனிந்தாள். பத்திரமாகப் போய்வரச் சொன்னாள். உள்ளே இருந்தவள் கண்ணாடியை இறக்கினாள். முகம் வெளிச்சத்துக்கு வந்தது.

திலகவதியின் முகம். கடைக் கண்ணாடியில் பார்த்த, அந்தப் புது முகம்.

"வாரேங்க்கா" என்றது.

பிறகு செங்கமலத்தைத் தாண்டி, பனியைத் தாண்டி, நேராக ஜன்னலைப் பார்த்தது. அதில் வன்மம் இல்லை. நன்றிதான் இருந்தது. கண் நிறைய நீரோடு நன்றி.

கார் நகர்ந்தது. பின்விளக்குகளின் சிவப்பு கொஞ்ச நேரம் பனிக்குள் கரையாமல் நின்றது. அப்புறம் அதுவும் இல்லை. விராலிமலையில் டிபன். மணப்பாறையில் முறுக்கு. மாடி அறை.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. செங்கமலம் வீட்டை நோக்கி வந்தாள். ஜன்னலுக்கு எதிரே நின்றாள். ஒரு கை தூரம். புருவத்துக்கு மேல் உள்ளங்கையை வைத்து உள்ளே உற்றுப் பார்த்தாள். திலகவதி கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினாள். அக்கா. அக்கா. விரல்நுனி செங்கமலத்தின் கன்னத்தைத் தொட்டது. செங்கமலம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்தினாள்.

"ஜன்னலக்கூடச் சாத்தாமப் போயிருக்குதுக" என்று தனக்குள் முனகினாள். அந்த முனகலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

முதலில் இடப்பக்கத்து மரக்கதவைச் சாத்தினாள். கூடத்தில் பாதி இருண்டது. பிறகு வலப்பக்கத்துக் கதவைப் பிடித்துத் தள்ளினாள். திலகவதியின் கை இன்னும் வெளியேதான் நீண்டிருந்தது. கதவு அதன்மேல் வந்தது. அழுந்தச் சாத்திக்கொண்டது. வெளிச்சம் ஒரு கோடாகி, நூலாகி, நின்றது.

வலிக்கவில்லை.